அப்புறம் குடிக்கிறேன்

மெர்வின் ஹாக்கெட்டுக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் பன்னிரண்டு அடித்தால்தான் பப் திறக்கும், இரண்டு அடித்தால் மூடிவிடும் என்பது கிரேவ்ஸெண்ட் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சட்டம் அப்படி. ஆனாலும் அவன் காலையிலேயே சவரம் செய்து, டை கட்டி, அது பிடிக்காமல் அவிழ்த்து வேறொன்று கட்டி, அதுவும் பிடிக்காமல் முதலில் கட்டியதையே திரும்பவும் கட்டிக்கொண்டு, பதினொன்றுக்கெல்லாம் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான். 'கறுப்பு அன்னம்' பப் சாத்திக் கிடந்தது. சாத்திக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தான். பிறகு படகுத்துறை வரை நடந்தான், திரும்பி வந்தான், மறுபடியும் தள்ளிப் பார்த்தான். அறுபது வயது மனுஷன்.

இதற்கு அவனைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடம் இருந்தது அவனுக்கு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பப்பை நடத்தும் விதவை எட்னா, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு பலகை. அந்தப் பலகையைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் பதினோரு வருடத்தையும் குடித்தே கழித்தான். இப்போது எட்னா பப்பின் குத்தகையை விட்டுவிட்டாள். சாயங்காலம் மதுக் கம்பெனி அனுப்பும் புது மேனேஜர் வந்து சாவியை வாங்கிக்கொள்வான். புதன்கிழமை ரயிலில் அவள் தூரத்தில் டார்கி என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். போனால் போனதுதான். 'போகாதீங்க' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மெர்வினின் வேலை. அதை இன்று அவள் கடை மூடும் மணியை அடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும்.

"என்னடா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கிற?"

பெர்சி வந்துவிட்டான். இருவரும் ஒரே இழுவைப் படகில் கயிறு இழுத்தவர்கள், ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள். பெர்சியின் நாக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"சும்மா," என்றான் மெர்வின்.

"டை வேற."

"ஞாயித்துக்கிழமை இல்லையா."

"போன ஞாயித்துக்கிழமையும் ஞாயித்துக்கிழமைதான். அன்னைக்கு முழங்கைல ஓட்டை விழுந்த ஸ்வெட்டர்ல வந்த."

மெர்வின் ஆற்றைப் பார்த்தான். ஆறு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்காவது வாயைத் திறப்பியா?" என்றான் பெர்சி.

"எதுக்கு?"

"பீர் குடிக்க. வேற எதுக்கு?"

உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. மெர்வின் டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவன் உள்ளே காலெடுத்து வைத்தபோதே எட்னா பீர் பம்பின் பிடியைப் பிடித்திருந்தாள். அந்த ஊரில் அதுதான் மரியாதை. ஒருவன் கதவைத் திறந்து தன் ஸ்டூலுக்கு வந்து சேர்வதற்குள் அவனுடைய கிளாஸ் அங்கே இருக்க வேண்டும். ஒருவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் அவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

மெர்வின் குடிப்பது லைட் அண்ட் பிட்டர். பெரிய மக்கில் பாதிக்கு பிட்டர் என்கிற கசப்பு பீரை பம்பிலிருந்து இழுத்துக் கொடுப்பார்கள். கூடவே மூடி திறந்த ஒரு சின்ன பாட்டில், அது லைட் ஏல் என்கிற லேசான பீர். குடிப்பவன்தான் பாட்டிலைத் தன் கையால் ஊற்றிக் கலந்துகொள்ள வேண்டும், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. மெர்வினின் அப்பா அதைத்தான் குடித்தார். படகில் பாதிப் பேர் அதைத்தான் குடித்தார்கள். இப்போது குடிக்கிற ஆட்களைக் காணோம். இளவட்டங்கள் எல்லாம் லாகர் பீர் பக்கம் போய்விட்டார்கள்.

பாதி என்றால் பாதிதானே என்று கேட்கலாம். அங்கேதான் இருக்கிறது விஷயம். அந்தக் கண்ணாடி மக்கில் கீழிருந்து மேல்வரை வரிசை வரிசையாகக் கட்டம் வெட்டியிருக்கும். சரியான பாதி மூன்றாவது வரிசையோடு நின்றுவிடும். மெர்வினுக்கு எட்னா நான்காவது வரிசையைத் தொடும்படி ஊற்றுவாள். பதினோரு வருடத்துக்கு முன், அவன் மனைவி கோனி இறந்த குளிர்காலத்தில் முதல் முறையாக அதைக் கவனித்தான். பாவம் பார்த்து ஊற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். வசந்தம் வந்தது, கோடை வந்தது, நான்காவது வரிசை குறையவில்லை. அவளுக்குத் தன் மேல் ஏதோ பிரியம் என்று அப்போதுதான் அவன் மண்டைக்குள் ஒரு பூச்சி புகுந்தது. கோப்பையின் அடியில் தங்கிய டீத்தூளைப் பார்த்துக் குறி சொல்கிற கிழவிகள் அந்த ஊரில் உண்டு. மெர்வின் பீரைப் பார்த்துக் குறி பார்க்க ஆரம்பித்தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிட்டர் நான்காவது வரிசையையும் தாண்டி விரல்கடை ஏறி நின்றது. அன்று வீட்டுக்குப் போனவனுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. இன்னொரு நாள் மூன்றரையில் நின்றது. நாம் என்ன தப்பாகப் பேசிவிட்டோம் என்று அந்த வாரம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டான். பீப்பாய் காலியாகி நுரை தள்ளியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

வாயால் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் காசை வைத்துவிட்டு, "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க, எட்னா," என்பான். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பது எல்லா வாடிக்கையாளரும் செய்வதுதான். "நன்றி, மிஸ்டர் ஹாக்கெட். அப்புறம் குடிக்கிறேன்," என்பாள். எல்லா பப்பிலும் எல்லாரும் சொல்கிற பதில் அது. அந்த அப்புறம் என்றைக்கும் வருவதில்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

அந்த 'மிஸ்டர் ஹாக்கெட்' வேறு அவனை அரித்தது. பெர்சியைக் 'கண்ணு' என்பாள். மீன்காரனைக் 'கண்ணு' என்பாள். ஓசியில் கழிப்பறைக்கு வந்துபோகிறவனைக்கூட 'கண்ணு' என்பாள். மெர்வின் மட்டும் பதினோரு வருடமாக மிஸ்டர் ஹாக்கெட்.

அன்று மக் வந்தது. பார்த்தான். நான்காவது வரிசை. பக்கத்தில் லைட் ஏல், மூடி திறந்து.

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க, எட்னா."

"நன்றி, மிஸ்டர் ஹாக்கெட். அப்புறம் குடிக்கிறேன்."

"எட்னா, நான்..."

"சொல்லுங்க."

"வெளியில... காத்து ஜாஸ்தியா இருக்கு."

"ஆமா, கதவு ஆடுது," என்றாள் எட்னா. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்தார்கள், அவள் அடுத்த கிளாஸுக்குப் போய்விட்டாள்.

காற்றாம். மெர்வின் பாட்டிலை ஊற்றிக்கொண்டான், ஸ்டூலில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், அம்பு எறியும் பலகையைப் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான். ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. கடைசி மதியம் என்று கேள்விப்பட்டு, வருடக்கணக்கில் தலைகாட்டாதவர்கள்கூட வந்திருந்தார்கள். புது மேனேஜர் தரைக்குக் கம்பளம் போடப்போகிறானாம், சுவரை இடித்துப் பெண்கள் உட்காரும் சின்ன அறையைச் சேர்த்துவிடப்போகிறானாம், பாட்டுப்பெட்டி வைக்கப்போகிறானாம். அடுப்பருகில் வட்டம் கட்டி உட்கார்ந்து, இன்னும் வந்தே சேராத மேனேஜரை ஆளாளுக்குத் திட்டினார்கள். திட்டித் தீர்ந்ததும் பேச்சு செத்துப்போனவர்கள் பக்கம் திரும்பியது. அங்கே ஒருவர் போய்விட்டால் அவர் முகத்தைவிட அவர் குடித்ததுதான் முதலில் ஞாபகம் வரும்.

"கரி வண்டி ஆல்பர்ட் என்ன குடிப்பான்?" என்றார் யாரோ. "ரம்மா?"

"மெர்வினைக் கேளுங்க," என்றான் பெர்சி. "அவன் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சவன்."

"ரம் இல்ல," என்றான் மெர்வின். அவனால் சும்மா இருக்க முடியவில்லை. "குளிர்காலத்துல விஸ்கியில இஞ்சி ஒயின். வெயில் காலத்துல ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர். அதுவும் திறந்து கொஞ்ச நேரம் கணப்புப் பக்கத்துல வெச்சாத்தான் தொடுவான்."

"தபால்கார நெவில்?"

"மைல்ட் பீர். ஞாயித்துக்கிழமை மட்டும் மைல்டும் பிட்டரும் பாதிப் பாதி. அவர் சம்சாரத்துக்கு போர்ட் ஒயினும் லெமனேடும். ஐஸ் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

"பியானோ வாசிக்குமே அந்த அம்மா?"

"மிஸ் டாய்லா? பார்லி ஒயின், குட்டி பாட்டில். டாக்டர் சொன்ன மருந்துன்னு சொல்லிக் குடிப்பாங்க. சமயத்துல மருந்து கொஞ்சம் அதிகமாயிடும், அன்னைக்குப் பாட்டு நல்லா இருக்கும்."

சிரித்தார்கள். மெர்வினுக்கு உடம்பு லேசாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரம்மில் கறுப்புத் திராட்சைப் பாகு விட்டுக் குடித்தவர், ஜின்னில் ஆரஞ்சு விட்டவர், பீரில் முட்டையை உடைத்து ஊற்றிப் பந்தயம் கட்டியவர் என்று அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னான். போனவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து கவுண்டரில் சாய்ந்து நிற்பதுபோல இருந்தது.

"உன் கோனி?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று பெர்சி மீசையைத் தடவிக்கொண்டான்.

"கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஸ்னோபால்," என்றான் மெர்வின். "முட்டை மதுல லெமனேடு ஊத்தி மேல ஒரு செர்ரி. செர்ரியை முதல்ல தின்னுட்டு, செர்ரியே போடலைன்னு சண்டை பிடிப்பா."

கவுண்டருக்குப் பின்னாலிருந்து எட்னா கேட்டாள்: "எல்லாருடையதும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா, மிஸ்டர் ஹாக்கெட்?"

"ஒருத்தர் விடாம," என்றான் மெர்வின், நெஞ்சை நிமிர்த்தி.

"ஒருத்தர் விடாம," என்று எட்னா திருப்பிச் சொன்னாள். கையிலிருந்த கிளாஸ் எப்போதோ துடைத்து முடித்தது. அதையே இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள். பிறகு வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மெர்வின் தன் பெருமையில் இருந்தான், அதைக் கவனிக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியது. இப்போது விட்டால் விட்டதுதான். மெர்வின் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காலி மக்கோடு எழுந்தான். வார்த்தையை மனசுக்குள் தயார் செய்துகொண்டான். போகாதீங்க, எட்னா. ரொம்பச் சின்ன வாக்கியம். எத்தனையோ பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்தவன் அவன்.

அவனுக்கு முன்னால் மழைக்கோட்டு போட்ட ஒருவன் போய் நின்றான். அக்கரையிலிருந்து டில்பரி படகில் வந்து இறங்கிய எவனோ. அவன் மூஞ்சியை அந்த பப்பில் யாரும் பார்த்ததில்லை.

"என்ன கண்ணு வேணும்?" என்றாள் எட்னா.

"பிரவுன் அண்ட் மைல்ட் கிடைக்குமா? நானும் ஊர் ஊராக் கேட்டுட்டு வர்றேன்."

"கிடைக்கும் கண்ணு."

அதுவும் கலந்து குடிக்கிறதுதான். பாதிக்கு மைல்ட், கூடவே ஒரு பாட்டில் பிரவுன் ஏல். எட்னா மக்கை எடுத்தாள், பிடியை இழுத்தாள். மெர்வின் பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசை. அங்கே நின்றிருக்க வேண்டும். எட்னா எங்கேயோ பார்த்துக்கொண்டு, கடைக்காரி கொசுறு போடுகிற மாதிரி, இன்னும் ஒரு அரை இழுப்பு இழுத்தாள்.

நான்காவது வரிசை.

"ஆஹா, கை தாராளம்," என்றான் மழைக்கோட்டு.

"எங்க வீட்டுக்காரர் காலத்திலேர்ந்து அப்படித்தான் கண்ணு. கலந்து குடிக்கிறவங்களுக்குப் பாதிக்கு மேல ஊத்தினாத்தான் மறுபடி வருவாங்கன்னு சொல்லுவார்."

மெர்வினின் முகத்தில் ஈயாடவில்லை. காலி மக்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. பிறகு அங்கிருந்து நகர்ந்து ஜன்னலுக்குப் போனான். கழிப்பறைக்குப் போனான். அங்கே கண்ணாடியில் டை கட்டிய ஒரு கிழவன் தெரிந்தான். அவனைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்தான். பதினோரு வருடம் அவன் நெஞ்சில் பொத்தி வைத்திருந்தது, படகில் வந்து இறங்கிய எவனோ ஒருவனுக்கு முதல் கிளாஸிலேயே கிடைத்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கம் ஆறுவதற்குள் கோபம் வந்தது. அந்தக் கோபம் எட்னா மேலா, அவள் செத்துப்போன புருஷன் மேலா, மழைக்கோட்டு மேலா என்று அவனுக்கே தெரியவில்லை. அசட்டுத்தனம் பண்ணியது தான்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அது தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

அவன் கவுண்டருக்கு வருவதைப் பார்த்து எட்னா வழக்கம்போல மக்கை எடுத்தாள். லைட் ஏல் பாட்டிலின் மூடியைத் திறந்து பலகையில் வைத்தாள்.

"அது வேண்டாம்," என்றான் மெர்வின். "பிட்டர். முழு பைண்ட்."

பம்பின் பிடியில் இருந்த எட்னாவின் கை நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதைப் பார்த்து அடுப்பருகில் இருந்தவர்களும் நிறுத்தினார்கள். தினம் வருகிற ஆள் ஒருவன் தன் குடியை மாற்றினான் என்றால், ஒன்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், இல்லை, அந்தக் கடையோடு அவனுக்கு ஏதோ மனஸ்தாபம். மெர்வினின் டாக்டரும் அங்கேதான் உட்கார்ந்து ஜின் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் எட்னா.

"முழு பைண்ட் பிட்டர். எல்லாரும் குடிக்கிறதுதானே. அதுல பாதி, அதுக்கு மேலன்னு ஒரு கணக்கும் கிடையாது."

எட்னா மக்கை விளிம்பு வரை நிரப்பினாள், ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் முன்னால் வைத்தாள். திறந்த லைட் ஏல் பாட்டில் இருவருக்கும் நடுவில் நின்றது. கழுத்தில் கொஞ்சம் நுரை வந்து அடங்கியது.

"அப்ப உள்ள இருக்கிற பாட்டில் கிரேட்டை நான் என்ன பண்றது?" என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது, ஆனால் அவ்வளவு அமைதியில் அது எல்லார் காதிலும் விழுந்தது. பதிலுக்கு நிற்காமல் பின்னறைக்குள் போய்விட்டாள்.

"எந்த கிரேட்?" என்றான் மெர்வின், பொதுவாக.

பெர்சி தன் கிளாஸை டொக்கென்று வைத்தான். "ஏண்டா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? அந்த லைட் ஏலை உன்னைத் தவிர வேற யாருடா குடிக்கிறான் இங்க?"

"குடிப்பாங்க... யாராவது."

"யாராவதா? அதோ நிக்கிறாரே பிரவுன் அண்ட் மைல்ட், அவரைக் கேளு. ஏன் சார், லைட் ஏலை எங்கயாச்சும் பார்த்தீங்களா?"

"அதைப் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றான் மழைக்கோட்டு, இதில் நான் எங்கே வந்து மாட்டினேன் என்கிற முகத்தோடு.

"கேட்டுக்க," என்றான் பெர்சி. "கம்பெனி வண்டி அதைக் கொண்டுவர்றதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு ஆளுக்காகக் கொண்டுவர முடியாதுன்னுட்டான். மாசா மாசம் இந்த அம்மா டார்ட்ஃபர்டுக்கு பஸ்ல போய், அங்க யாரோ தெரிஞ்சவங்க கடையில கெஞ்சி வாங்கி, காய்கறி வாங்கப் போற சக்கரப் பையில வெச்சு இழுத்துட்டு வருது. பஸ் ஸ்டாப்புலேர்ந்து நானே ரெண்டு தடவை தூக்கிட்டு வந்திருக்கேன். முதுகு போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு. நீயா ஒரு நாள் கேப்பேன்னு நினைச்சிருக்கும். உனக்குத்தான் வாயில கொழுக்கட்டையாச்சே."

மெர்வின் பாட்டிலைப் பார்த்தான். தினமும் அவன் கையால் தொட்டு ஊற்றிய பாட்டில். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால்? அவன் யோசித்தது எல்லாம் கட்டத்தைப் பற்றித்தான். மழையிலும் பனியிலும் அந்தச் சக்கரப் பையை மேட்டுத் தெருவில் இழுத்துக்கொண்டு வருகிற எட்னாவை நினைத்தான். இங்கே உட்கார்ந்துகொண்டு மூன்றரை வரிசைக்குக் கோபித்துக்கொண்ட தன்னையும் நினைத்தான்.

எட்னா திரும்பி வந்தபோது கண் லேசாகச் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் மணிக் கயிற்றைப் பிடித்தாள்.

"கடைசி ஆர்டர்!"

அதற்குப் பிறகு மெர்வின் பேச நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. எல்லாரும் கவுண்டரை மொய்த்தார்கள். கை குலுக்கினார்கள், கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள், அழுதார்கள், ஆளுக்கொன்று வாங்கிக் கொடுக்கிறேன் என்றார்கள். "அப்புறம் குடிக்கிறேன் கண்ணு, அப்புறம்," என்று எட்னா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெர்வின் தன் ஸ்டூலில் உட்கார்ந்து முழு பைண்ட்டை வெறித்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் குடித்தான், தள்ளி வைத்தான். ஒரு காலை மாற்றி ஒரு காலைப் போட்டான். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். எழுந்தும் விட்டான். கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மணி இரண்டாவது முறை அடித்தது. "நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க!" இருபத்தைந்து வருடமாகக் கத்திய அதே குரல். இன்று நடுவில் கொஞ்சம் உடைந்தது.

ஆட்கள் மெல்லக் கரைந்தார்கள். மழைக்கோட்டு போயிற்று, டாக்டர் போனார். கடைசியாகப் பெர்சி எட்னாவை ஒரு தடவை கட்டிப் பிடித்துவிட்டு, போகிற போக்கில் மெர்வினின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். ஆறுதலுக்கா, திட்டுவதற்கா என்று சொல்வது கஷ்டம், வலித்தது. கதவு சாத்திக்கொண்டது.

எட்னா மேஜைகளிலிருந்து கிளாஸ்களைப் பொறுக்கினாள், துடைத்தாள், பம்புகளின் மேல் துணியைப் போட்டாள். மெர்வினைப் போகச் சொல்லவில்லை. கடைசித் துணியைப் போட்டதும் கவுண்டரின் ஓரப் பலகையைத் தூக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். அவன் பக்கத்து ஸ்டூலில், பெர்சியின் ஸ்டூலில், ஏறி உட்கார்ந்தாள். எட்னா உட்கார்ந்து மெர்வின் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை.

"அப்புறம் வந்தாச்சு," என்றாள்.

"என்ன?"

"பதினோரு வருஷமா எனக்கும் ஒண்ணு எடுத்துக்கச் சொல்றீங்க. அப்புறம் குடிக்கிறேன்னு சொல்லிட்டே இருந்தேன். இதுதான் அந்த அப்புறம். இன்னமே நான் இங்க வேலையில இல்ல." கவுண்டரைக் காட்டினாள். "போங்க, மிஸ்டர் ஹாக்கெட். எனக்கு ஒண்ணு ஊத்துங்க."

மெர்வின் துள்ளி எழுந்தான். பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகையில் மேல்சட்டை கொக்கியில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கிக்கொண்டு போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றான். பின்சுவரில் பாட்டில்கள் அடுக்கடுக்காக நின்றன. கை தானாக மேலே போயிற்று. போன கை அப்படியே நின்றது.

போர்ட் ஒயின் இருந்தது. ஜின் இருந்தது. இஞ்சி ஒயின், ரம், முட்டை மது, கீழ் வரிசையில் ஸ்டவுட். கரி வண்டி ஆல்பர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மிஸ் டாய்லுக்குத் தெரியும். செத்துப்போய் முப்பது வருடம் ஆன தபால்காரனின் மனைவிக்கு ஐஸ் ஆகாது என்பதுகூடத் தெரியும். எட்னா என்ன குடிப்பாள் என்று தெரியாது. ஒருத்தர் விடாம என்று அவளிடமே சொன்னோமே என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிளாஸை அவள் துடைத்துக்கொண்டே நின்றது கண்முன் வந்தது.

காது மடல் சூடாயிற்று. ஏதாவது ஒன்றை எடுத்துவிடலாமா? பெண்கள் போர்ட்தான் குடிப்பார்கள். சரியாக அமைந்தாலும் அமையும். போர்ட் பாட்டிலின் கழுத்தைப் பிடித்தான். இத்தனை வருடமும் ஊகித்து ஊகித்து எந்த லட்சணத்தில் வந்து நிற்கிறோம் என்று நினைத்தான். பாட்டிலை விட்டுவிட்டான்.

திரும்பினான். "எட்னா, உங்களுக்கு என்ன பிடிக்கும்? எனக்குத் தெரியல."

எட்னா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"கேக்கத் தெரியுது," என்றாள். "டீ."

"டீயா?"

"எனக்கு இந்த நாத்தமே ஆகாது, மெர்வின். எங்க வீட்டுக்காரருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலேர்ந்து ஆகாது. கெட்டில் பின்னறையில இருக்கு."

கெட்டிலைக் கொண்டுவந்து, தண்ணீர் பிடித்து, கவுண்டர் மேலேயே வைத்து ஸ்விட்சைப் போட்டான். கொஞ்சம் தண்ணீர் டையில் சிந்தியது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் புத்தியில் ஏறியது.

"சர்க்கரை?" என்றான்.

"ரெண்டு."

"பால்?"

"கொஞ்சமா."

கெட்டில் முனக ஆரம்பித்தது. இருவருக்கும் நடுவில் அந்த ஒரு முழப் பலகை இருந்தது, ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள். மெர்வின் துணியை எடுத்தான், ஏற்கனவே துடைத்த இடத்தைத் துடைத்தான், துணியைக் கீழே வைத்தான்.

"எட்னா, போகாதீங்க. டார்கிக்குப் போகாதீங்க." சொல்லிவிட்டு, அது கட்டளை மாதிரி இருக்கிறதே என்று பதறிப்போய், "போய்த்தான் ஆகணுமா?" என்று கேள்வியாகவும் ஒரு தடவை கேட்டான்.

எட்னா, நடுவில் இன்னும் நின்றுகொண்டிருந்த அந்த லைட் ஏல் பாட்டிலை எடுத்து, அதிலிருந்த நுரை எல்லாம் செத்துவிட்டதா என்று பார்த்தாள், ஓரமாக வைத்தாள்.

"டீயைக் குடிப்போம்," என்றாள். "அப்புறம் சொல்றேன்."

தண்ணீர் கொதித்தது. மெர்வின் அலமாரியைத் திறந்தான். கோப்பைகள் பல அளவில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இருந்ததிலேயே சின்னதாக இரண்டைப் பொறுக்கி எடுத்து வைத்தான்.